ஒக்கினாவாக் கடலில் ஒரு நொச்சிப் போர்

போரைப் பாடும் புலவர் கண்ணுக்குப் பாய்ந்து சென்று மாள்பவனே முதலில் தெரிகிறான். நின்ற இடத்தில் நின்று தாங்குபவன் அத்துணை எளிதில் தெரிவதில்லை. எனினும் நம் புறத்திணை மரபு அவனை மறக்கவில்லை. மதிலை வளைப்பவனுக்கு உழிஞை சூட்டிய புறப்பொருள் வெண்பாமாலை, மதிலைக் காப்பவனுக்கு நொச்சியைத் தனித்திணையாகவே வகுத்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பசிபிக் கடலில் நிகழ்ந்த போர் ஒன்றை அந்த நொச்சியின் பக்கம் நின்று நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

1944 அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்சின் லெய்த்தேக் கடற்பகுதியில், ஜப்பானிய விமானிகள் குண்டு தாங்கிய தம் விமானங்களையே அமெரிக்கக் கப்பல்கள்மீது மோதினர். செயின்ட் லோ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. துணை அட்மிரல் ஓனிஷி உருவாக்கிய இப்படைக்குக் 'கமிகாசே', அதாவது 'தெய்வக் காற்று', என்று பெயர். 1274இலும் 1281இலும் மங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயல்களின் பெயர் அது.

1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை ஒக்கினாவாத் தீவில் இறங்கியது. தீவைச் சுற்றித் தொலைவில், ராடார் பொருத்திய நாசகாரிக் கப்பல்கள் காவல் நின்றன. பகை விமானங்களை முன்னறிந்து உரைப்பது அவற்றின் பணி. ஆதலின் முதல் அடியும் அவற்றுக்கே விழுந்தது. ஏப்ரல் 6இல் புஷ், கல்ஹூன் என்னும் இரு காவற்கப்பல்கள் மூழ்கின. புஷ் நின்ற அதே காவல் நிலையில், ஏப்ரல் 16 காலை, லாஃபி என்னும் கப்பல் நின்றது. எண்பது நிமிடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அதனைத் தாக்கின. குறைந்தது ஐந்து விமானங்கள் கப்பலின்மீதே மோதின, குண்டுகளும் வெடித்தன. சுக்கான் சிக்கிக்கொள்ள, கப்பல் வட்டமிட்டவாறே போரிட்டது. சுடுதற்கு ஒரு பீரங்கி எஞ்சும்வரை கப்பலைக் கைவிடுவதில்லை என்றார் அதன் தலைவர் பெக்டன். 32 பேர் இறந்தனர். 71 பேர் காயமுற்றனர். கப்பல் மூழ்கவில்லை.

இத்தாக்குதலின் கொடுமை தனித்தன்மை உடையது. வழக்கமான குண்டுவீச்சு விமானம் அடிபட்டால் திரும்பக்கூடும். இங்கோ விமானி இறந்த பின்னும் விமானம் வந்துகொண்டிருந்தது. அதனை வானிலேயே துண்டாக்கினாலன்றிப் பயனில்லை. ஆகவே பீரங்கி வீரன் தன்னை நோக்கியே வரும் சாவின் எதிரே, அது மோதும்வரை, நகராமல் நிற்க வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் எந்திரங்களை இயக்கியோர் ஒன்றையும் காணவில்லை. ஒலியை மட்டுமே கேட்டனர். பெரிய பீரங்கி முழங்கினால் பகை தொலைவில். சிறிய துப்பாக்கிகள் படபடத்தால் மிக அருகில். காதால் அளந்த அந்தச் சில நொடிகளிலும் அவர்கள் கொதிகலனை விட்டு அகலவில்லை.

ஒக்கினாவாப் போரில் அமெரிக்கக் கடற்படையினர் ஏறத்தாழ 4,900 பேர் மாண்டனர். எதிரே வந்த விமானிகளுள் பலர் படிப்பை விட்டு அழைக்கப்பெற்ற பல்கலைக்கழக மாணவர்கள். போரில் மாண்ட மாணவர்களின் எழுத்துகள் 1949இல் ஜப்பானில் நூலாக வெளிவந்தன. அவர்களும் இரக்கத்திற்கு உரியோரே.

கவிஞர்களாகிய நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒக்கினாவாவில் நிகழ்ந்த பெருந்தாக்குதல்களுக்கு ஜப்பானியப் படைத்தலைமை 'நீர்மேல் செவ்வந்தி' எனப் பொருள்படும் பெயரிட்டது. ஏப்ரல் 12இல் ஒரு நாசகாரிக் கப்பலை மூழ்கடித்த, மனிதன் செலுத்திய பறக்கும் குண்டுக்குச் 'செர்ரி மலர்' என்று பெயர். இளைஞரைச் சாவுக்கு அனுப்பிய ஆணைகள் கவிதையின் சொற்களை அணிந்தே வந்தன. பூவின் பெயரால் சாவு அழகுபெற்றது. அழகுபெற்ற சாவை மறுப்பது அரிதாயிற்று.

கப்பல் தளத்தில் நின்றவனுக்கு எந்தப் பூவும் சூட்டப்பெறவில்லை. பாய்பவன் ஒருமுறை துணிகிறான். காப்பவனோ நிமிடந்தோறும் துணிய வேண்டியிருக்கிறது. லாஃபி இன்று அமெரிக்காவின் தென் கரோலினாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் இனிப் போரைப் பாட எழுதுகோல் எடுப்போர், அழிக்கப் புறப்பட்டவனுக்கு மாலை தொடுக்குமுன் காத்து நின்றவனையும் எண்ணிப் பார்ப்பாராக. நொச்சியும் ஒரு பூவே.