கீழாநெல்லி: செங்கத்து வரப்பிலிருந்து பிலடெல்பியா வரை

திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், செய்யாற்றின் கரையில் இருக்கிறது செங்கம். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த ஊர் செங்கண்மா என்ற பெயரில் அறிமுகமாகி இருக்கும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகள், இந்த ஊரை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பற்றியதுதான். ஆனால் இந்தக் கட்டுரை மன்னனைப் பற்றியது அல்ல. மழை பெய்து ஓய்ந்ததும் செங்கத்துக் கொல்லைகளிலும் வரப்புகளிலும், கிணற்றடியிலும், வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்திலும் தானாக முளைக்கும் ஒரு செடியைப் பற்றியது. பெயர் கீழாநெல்லி. கடலைக் கொல்லையில் களை எடுப்பவர்களுக்கு அது வெறும் களை. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால் அதே செடி மருந்து.

செடியைப் பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு முழ உயரம் வளர்வதே அதிகம். மெல்லிய காம்பின் இருபுறமும் புளிய இலை போல வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். இரவானால் இலைகள் மடங்கிக்கொள்ளும். காம்பைத் திருப்பிப் பார்த்தால் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி, அதனால் கீழ்க்காய் நெல்லி, பேச்சில் கீழாநெல்லி. வடமொழியில் பூமி ஆமலகி, இந்தியில் புயி ஆம்லா. எல்லா மொழிகளும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: தரையோடு கிடக்கும் நெல்லி. பெரிய நெல்லிக்கும் இதற்கும் உறவு உண்மையானதே. இரண்டும் பிலாந்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

நாட்டு வைத்தியத்தில் இதன் முறை எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். சிலர் மோருக்குப் பதில் ஆட்டுப்பால் சேர்ப்பார்கள். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கு மாறும். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. (மருந்தைவிடப் பத்தியம்தான் கஷ்டம் என்பது குடித்தவர்களுக்குத் தெரியும்.) சித்த மருத்துவம் இதைக் குளிர்ச்சி உண்டாக்கும் மூலிகை என்கிறது. காமாலைக்கு மட்டுமல்லாமல் நீர்க்கடுப்பு, உடற்சூடு, சொறி சிரங்கு ஆகியவற்றுக்கும் பயன்படுத்துகிறது.

சரி, இந்தச் செடி எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குத்தான் எதிர்பாராத பதில் கிடைக்கிறது. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் கிர்கனேலி என்ற பெயரில் ஒரு செடியின் படம் இருக்கிறது. கீழ்க்காய் நெல்லி டச்சுக்காரர் காதில் அப்படி விழுந்திருக்கிறது! 1753இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்தபோது, இந்த மலபார்ச் செடியையும் அமெரிக்கச் செடி ஒன்றையும் ஒன்றாகச் சேர்த்து பிலாந்தஸ் நிரூரி என்று எழுதிவிட்டார்.

அந்தத் தவறு இருநூறு ஆண்டுகள் நீடித்தது. 1950களில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று காட்டினார். 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள், இந்தியத் தாவர நூல்கள் நிரூரி என்று குறிப்பிட்டு வந்தது உண்மையில் மூன்று தனித்தனி இனங்களின் கலவை என்று பிரித்துக் காட்டினார்கள். அமாரஸ், பிராடெர்னஸ், டெபிலிஸ் என்பவை அவை. தமிழ்நாட்டில் கீழாநெல்லி என்று பெரும்பாலும் பறிக்கப்படுவது அமாரஸ். லத்தீனில் கசப்பு என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இந்த அமாரஸின் பூர்வீகமும் அமெரிக்க வெப்பமண்டலம்தான் என்று இன்றைய தாவரவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் மிளகாயைப் போல இதுவும் கப்பலேறி வந்த செடி. பழைய வைத்தியர்கள் இதே பெயரில் அழைத்தது இங்கேயே பிறந்த வேறொரு நெருங்கிய இனமாக இருக்கலாம். பெயர் பழையது, பெயருக்குள் நிற்கும் செடி மாறியிருக்கக்கூடும்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். அப்படி இல்லை என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது.

கீழாநெல்லியின் கசப்பை வேதியியல் முறையில் முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. 1946இல் அவரும் கிருஷ்ணமூர்த்தியும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அது பிலாந்தின் எனப்படுகிறது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறையில் இருந்த எஸ். பி. தியாகராஜன் இந்தச் செடியைக் கையில் எடுத்தார். (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானவர்.) கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982இல் அவர் குழு எழுதியது.

பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்தவர் பாருக் பிளம்பர்க். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தை முதலில் கண்டவர், 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் குழுவும் கீழாநெல்லியைச் சோதித்தது. இதே வகைக் கிருமி தாக்கும் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்குக்குக் கொடுத்துப் பார்த்து, 1987இல் நல்ல முடிவு கிடைத்ததாக அறிவித்தது. அதே ஆண்டு இந்தச் செடிச் சாற்றின் பயனுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும் கண்டுபிடிப்பாளர்கள். மஞ்சள் காப்புரிமை 1997இல் ரத்தானபோது எழுந்த கூச்சலில் பாதிகூட இதற்கு எழவில்லை.

1988 அக்டோபரில் லான்செட் இதழில் தியாகராஜனும் பிளம்பர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. கிருமியை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம் பேருக்கு, மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்துவிட்டது. போலி மருந்து தரப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் ஆய்வாளர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரு பக்கத்திலும் எண்ணிக்கை சமமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. பம்பாயில் இல்லை. நியூசிலாந்தில் இல்லை. ஏன் என்ற கேள்விக்குப் பலவிதமான பதில்கள் வந்தன. வேறு இனம் கலந்திருக்கலாம், விளைந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு என்றார்கள். இங்கேதான் லின்னேயஸ் செய்த குளறுபடி திரும்பி வந்து நிற்கிறது: 1987 கட்டுரை செடியை நிரூரி என்கிறது, 1988 கட்டுரை அமாரஸ் என்கிறது. எந்தச் செடி என்பதே உறுதியாகாமல் எந்த மருந்தை நிரூபிப்பது? 2011இல் கோக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு இது பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

அப்படியானால் செங்கத்தில் மோரில் கலக்கிக் குடித்துக் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. காமாலை என்பது ஒரு நோய் அல்ல, பல நோய்களின் அடையாளம். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். எண்ணெய் இல்லாத சாப்பாடும் ஓய்வும் உடம்புக்கு இதம். கீழாநெல்லி ஈரலைக் காக்கிறது என்பதற்கு விலங்குச் சோதனைகளில் ஆதாரமும் உண்டு. ஆனால் பித்தப்பைக் கல், எலிக் காய்ச்சல், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றாலும் கண் மஞ்சளாகும். அந்த வேளையில் ஏழு நாள் பத்தியம் என்று காத்திருப்பதில் உயிரே போகலாம். கண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பிளம்பர்க்குக்கும் மில்மனுக்கும் இன்னொரு காப்புரிமை இருந்தது. 1972இல் கிடைத்தது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கானது. அந்த வழியில் பிறந்த ஊசி இந்தியாவில் 2002இல் சில இடங்களில் தொடங்கி, 2011க்குப் பின் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை. கீழாநெல்லிக்கான காப்புரிமையின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. செடி மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கடலைக் கொல்லையில் முளைக்கிறது. களை எடுப்பவர்கள் பிடுங்கி வரப்பில் போடுகிறார்கள்.