சமூக ஊடகச் செல்வாக்காளர்

சமூக ஊடகச் செல்வாக்காளர் அல்லது இன்ஃப்ளூயன்சர் என்பவர் யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் தொடர்ந்து பதிவுகளை வெளியிட்டு, தம்மைப் பின்தொடர்வோரின் கருத்தையும் நுகர்வையும் மாற்றும் அளவுக்கு நம்பிக்கை பெற்றவர் ஆவார். தளம் பகிரும் விளம்பர வருவாய், பொருளைப் பரிந்துரைக்க நிறுவனங்கள் தரும் கட்டணம், தாம் அளித்த இணைப்பின் வழி நடக்கும் விற்பனைக்கான தரகு ஆகியவை இவருடைய முதன்மை வருவாய்களாகும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்களும் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, வயல்வெளியில் அம்மியில் மசாலா அரைத்து, விறகடுப்பில் பெரும் பாத்திரங்களில் சமைத்து, முதியோருக்குப் பரிமாறுவதைக் காட்டி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலாயிற்று. பெருநிறுவனப் பின்புலமின்றி உழைப்பாலும் கைத்திறனாலும் பெற்ற இத்தகைய செல்வாக்கு கவனத்துக்கு முற்றிலும் உரியது.

எனினும், பின்தொடர்வோர் எண்ணிக்கையை விலைக்கு வாங்கவும் முடியும் என்பதால் அது தகுதிக்குச் சான்றாகாது. கட்டணம் பெற்றதை மறைத்து மருந்தையோ முதலீட்டையோ பரிந்துரைப்பது மக்களின் உடல்நலத்தையும் சேமிப்பையும் பாதிக்கும். ஆகவே இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும், கட்டண உறவைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என வழிகாட்டு நெறிகள் வெளியிட்டன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. துறையறிவும் வெளிப்படைத்தன்மையும் உடைய செல்வாக்காளரே மக்களின் கவனத்துக்குத் தகுதியானவர்.