காலனி: ஒரு சொல் நம் தெருவுக்கு வந்த கதை

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தோம். பாடத்தில் 'காலனி ஆதிக்கம்' என்ற சொல் வந்தது. வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட நாடுகளைக் காலனி என்பார்கள், இந்தியாவும் அப்படி ஒரு காலனியாக இருந்தது என்று விளக்கினோம். பின்னால் உட்கார்ந்திருந்த மாணவி எழுந்து கேட்டாள்: "அக்கா, அப்ப இந்தியா முழுக்க நம்ம ஆளுங்கதான் இருந்தாங்களா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த காலனி ஒன்றே ஒன்றுதான். ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் இருப்பது. 'காலனி ஆளெல்லாம் இறங்கு' என்று பஸ் கண்டக்டர் குரல் கொடுக்கிற நிறுத்தம். பள்ளியில் 'எந்தத் தெரு?' என்று கேட்டால் சொல்லத் தயங்குகிற பதில்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம், தோழர்களே. ஆங்கிலச் சொல் ஒன்று கடல் கடந்து வரும்போது அதன் பொருளை அகராதி தீர்மானிப்பதில்லை. யார், யாரைப் பார்த்து, எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. காலனியைப் போல இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உழவரின் சொல்

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவர். 'கொலோனியா' என்றால் உழவர் குடியிருப்பு. போரில் பிடித்த நிலத்தை ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கும் நிலமில்லாத குடிமக்களுக்கும் ரோம் அரசு பிரித்துக் கொடுத்தது. அப்படி நிலம் பெற்றவர்கள் குடியேறிய இடமே கொலோனியா. ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரின் பெயர் இப்படி வந்ததுதான். நிலத்தைப் பண்படுத்துவதைக் குறிக்கும் அதே லத்தீன் வேரிலிருந்துதான் 'கல்ச்சர்' என்ற சொல்லும் பிறந்தது. 'காலனிக்காரனுக்குக் கல்ச்சர் தெரியாது' என்று பேசுகிறவர்கள் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு சொற்களைத்தான் எதிரெதிரே நிறுத்துகிறார்கள்.

ரோமிலேயே இந்தச் சொல்லின் நிலை மாறியது. சொந்த நிலத்தை உழுத கொலோனஸ், காலப்போக்கில் பெருநிலக்காரரிடம் குத்தகைக்கு உழுகிறவர் ஆனார். கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம், நிலத்தை விட்டு ஓடிப்போன கொலோனஸைப் பிடித்துப் பழைய இடத்திலேயே ஒப்படைக்கச் சொன்னது. சொல் மாறவில்லை. அந்தச் சொல்லால் குறிக்கப்பட்ட மனிதர் மட்டும் சுதந்திரமான உழவரிலிருந்து நிலத்தோடு கட்டப்பட்டவராக மாறிவிட்டார். பண்ணையாள், படியாள் என்ற சொற்களைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது காலனி என்பது தாய்நாட்டிலிருந்து போய் வேறு மண்ணில் குடியேறியவர்களின் இடம். 1607இல் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் அப்படித் தொடங்கியது. 1788இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய குடியேற்றம் கைதிகளைக் கொண்டுபோய் விடுவதற்கான காலனி. பிறகு, குடியேறியவர்கள் குறைவாகவும் ஆளப்பட்டவர்கள் கோடிக்கணக்கிலும் இருந்த நாடுகளுக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. நம் பாடப்புத்தகத்துக் காலனி இதுதான்.

இதே நாட்டுக்குள் மூன்றாவது காலனி ஒன்றும் உண்டு. ரயில்வே காலனி, பேங்க் காலனி, டெல்லியின் டிபன்ஸ் காலனி, சென்னையின் சி.ஐ.டி. காலனி. அங்கெல்லாம் காலனி என்றால் திட்டமிட்டுப் போட்ட தெரு, மர நிழல், உத்தியோகம். டிபன்ஸ் காலனியில் வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் கூச்சப்பட மாட்டார்கள். ஊரைத் தாண்டியிருக்கும் காலனியில் வீடு என்று சொல்லத்தான் நம் பிள்ளைகள் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

காலனிக்கு முன்னால் சேரி

நம் குடியிருப்புகளுக்குக் காலனி என்ற பெயர் வருவதற்கு முன் இருந்த பெயர் சேரி. அந்தச் சொல்லுக்கும் இதே கதைதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறைக்காக நம் பள்ளிப் பாடத்தில் வருகின்றன. அது பிராமணர்களின் ஊர். அந்த ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. அதாவது அன்று பிராமணர்கள் குடியிருந்த இடத்துக்கும் சேரி என்றுதான் பெயர். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பல சேரிகள் வருகின்றன. சேர்ந்து வாழும் இடம் சேரி. அவ்வளவுதான். வேளச்சேரியும் புதுச்சேரியும் இன்றுவரை அப்படித்தான் நிற்கின்றன.

தீண்டாச்சேரி என்ற பெயரைக் கவனியுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இழிவு 'தீண்டா' என்ற முன்னொட்டில் இருந்தது. பிறகு மற்றவர்களின் இடங்கள் அக்கிரகாரம், தெரு, ஊர் என்று பெயர் பெற்றன. சேரி நமக்கு மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு 'தீண்டா' என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வெறும் 'சேரி' போதும் என்றாகிவிட்டது. 'ஊர்' என்ற பொதுச் சொல்லும் அப்படித்தான் பறிபோனது. இன்றும் பல கிராமங்களில் 'ஊர்க்காரங்க' என்றால் அதில் நாம் சேர்த்தியில்லை.

பட்டாவோடு வந்த பெயர்

பழைய சேரியில் குடிசை நம்முடையதாக இருந்தாலும் அதன் அடியில் இருந்த மண் பெரும்பாலும் மிராசுதாரருடையது. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்த நிலையைத்தான் பேசியது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் நாம் இன்றும் மீட்கப் போராடுகிற பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. 1920 முதல் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு நலத்துறையின் மனைகளும் தொகுப்பு வீடுகளும் வந்தன. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. அரசு மனை பிரித்து வரிசையாக வீடு கட்டிய இடங்கள் அரிசன காலனி என்றும் ஏ.டி. காலனி என்றும் பெயர் பெற்றன.

களப்பணியில் சந்தித்த ஒரு ஆயாவிடம் "உங்க சேரி எப்பத்திலிருந்து இங்க இருக்கு?" என்று நாங்கள் யோசிக்காமல் கேட்டுவிட்டோம். அவர் கோபித்துக்கொண்டார். "சேரின்னு சொல்லாத கண்ணு. இது காலனி. கவர்மெண்டு பட்டா குடுத்த எடம்." அவர் தலைமுறைக்குக் காலனி என்பது கௌரவமான சொல். பண்ணையாரின் மண்ணிலிருந்து விடுபட்டு வந்த சொல். கூரை போய்ச் சுவர் வந்த சொல். அதே சொல்லை அவருடைய பேத்தி கல்லூரியில் மறைக்கிறாள். இரண்டு தலைமுறைக்குள் ஒரு சொல் இப்படிச் சரிந்திருக்கிறது.

ஏன் சரிந்தது? வீடு புதிது, பெயர் புதிது, ஆனால் இடம் பழையது. ஊரோடு சேர்த்து யாரும் மனை ஒதுக்கவில்லை. தனித் தண்ணீர்த் தொட்டி, தனிச் சுடுகாடு, தனிப் பாதை எல்லாம் அப்படியே தொடர்ந்தன. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆனது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. எரிந்த குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் நத்தம் காலனி. எந்தெந்த வீடுகள் என்று கும்பல் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. முகவரியே அடையாளம் காட்டிவிட்டது.

வேறு சில சொற்கள்

'கம்யூனிட்டி' ஆங்கிலத்தில் இதமான சொல். கூடி வாழ்வோர், ஒருவருக்கொருவர் துணை என்று பொருள்படும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது "நீங்க என்ன கம்யூனிட்டி?" என்று கேட்கிறார்கள். சாதி என்று கேட்டால் அநாகரிகம், கம்யூனிட்டி என்று கேட்டால் நாகரிகம். பதிலைக் கேட்டதும் "வீடு போன வாரமே முடிஞ்சிடுச்சு" என்பார்கள். அதன் உறவுச் சொல்லான 'கம்யூனல்' வடக்கே மதப் பகையைக் குறிக்கும். சென்னை மாகாணத்தில் 1921இல் வந்த கம்யூனல் ஜி.ஓ. அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு கேட்ட ஆணை. ஒரே வேரிலிருந்து பகையும் வந்திருக்கிறது, பங்கும் வந்திருக்கிறது.

'பி.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் பி.சி.ஆர். உலகம் மதிக்கும் 'சிவில் ரைட்ஸ்' அதற்குள்தான் இருக்கிறது. ஊர் டீக்கடையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 'பார்த்துப் பேசு, பி.சி.ஆர்.ல போட்டுடுவானுங்க.' 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் அதன் கீழ் பதியும் வழக்குக்கும் மக்கள் வாயில் பி.சி.ஆர். கேஸ்தான். உரிமை என்று பெயர் வைத்த சட்டத்தை அடித்தவர்கள் மிரட்டல் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அடிபட்டவர்களும் புகார் கொடுக்கத் தயங்குகிற அளவுக்கு அந்த மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது.

எதிர்த்திசையில் போன சொல்லும் உண்டு. நம் மக்களின் பெயரே ஆங்கிலத்தில் 'பறையா' என்று நுழைந்து, ஒதுக்கப்பட்டவர் எவருக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஒரு நாட்டை உலகம் ஒதுக்கி வைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் 'பறையா நாடு' என்று எழுதுகின்றன. எழுதுகிறவர்களுக்கு அது வெறும் உவமை. இதே பெயரைத் தலைநிமிர்த்தி 1893இல் தன் பத்திரிகைக்குச் சூட்டினார் இரட்டைமலை சீனிவாசன். பறையர், பஞ்சமர் என்று அரசு எழுதியதை மாற்றி ஆதிதிராவிடர் என்று எழுத வைக்க எம்.சி. ராஜா போராடினார். 1922இல் சென்னை அரசு அதை ஏற்றது. ஒருவர் பழைய பெயரைக் கையில் எடுத்தார். இன்னொருவர் புதிய பெயரைக் கேட்டு வாங்கினார். வழி வேறு என்றாலும் நம்மை என்ன பெயரால் அழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதில் இருவரும் ஒன்று.

பெயர் மாறினால் போதுமா?

2024 ஜூனில் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், பதவி விலகும் முன் போட்ட கடைசி உத்தரவில் பட்டியல் மக்களின் குடியிருப்புகளைக் காலனி என்று அழைப்பதை நிறுத்தச் சொன்னார். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதை அரசே ஒப்புக்கொண்டது.

நாம் இதை வரவேற்கிறோம். 'பேர்ல என்ன இருக்கு?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் முகவரியை மறைக்க வேண்டிய தேவை இல்லாதவர்கள். ஆதார் அட்டையிலும் வேலை விண்ணப்பத்திலும் ஒரு சொல், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சாதியைச் சொல்லிவிடுகிறது. அது போவது நல்லது.

ஆனால் சேரி போய்க் காலனி வந்தபோதும் இதையேதான் நினைத்தோம். அதனால் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் குடியிருப்புக்குப் பெயர் மாறும்போது கூடவே நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது? ஊர்த்தெரு வழியாக மணமகன் ஊர்வலம் போக முடிகிறதா? இந்த நான்கும் மாறவில்லை என்றால் இன்று வைக்கும் 'நகர்' என்ற பெயரை உங்கள் பேத்தி மறைப்பாள். உங்கள் ஊர் ஆயாக்களிடம் பழைய பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு மனை கிடைத்தது, அதற்கு முன் யார் நிலத்தில் இருந்தோம், யார் போராடி வாங்கினார்கள் என்பது பெயரோடு சேர்ந்து அழிந்துவிடக் கூடாது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு இந்தக் கதையைச் சொன்னோம். ரோமில் உழவனுக்கு நிலம் கொடுத்த இடத்தின் பெயர் இது என்றதும் அவள் நிறுத்திக் கேட்டாள்: "அப்ப நமக்கு நெலம் எங்க அக்கா?" அவள் தாத்தாவின் ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததா என்று தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.