லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு

பாடசாலையின் நூற்றாண்டைக் கொண்டாடும் நாங்கள், எங்களைப் படிக்கவைத்த மண்ணையும் நினைக்க வேண்டும். 1823 முதல் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காட்டை வெட்டித் திருத்தியவர்கள் எம் முன்னோர். அவர்களுக்கென்று ஒரு பிடி மண்கூடச் சொந்தமாக இருக்கவில்லை.

1973, 74 பஞ்சத்தில் மாவும் அரிசியும் குறைந்தன. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் காடு பற்றிக் கிடந்த துண்டுகள்தான் பல குடும்பங்களைக் காத்தன. எங்கள் அம்மாமார் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மானாப்புல்லை வெட்டி, வேரைக் கிளறி, கல்லை அடுக்கி வரம்பு கட்டினார்கள். மாட்டெரு போட்டுப் போஞ்சி, கோவா, கிழங்கு வைத்தார்கள். ரொட்டியும் வெறுந்தேநீருமே சாப்பாடானால் இரத்தசோகை வரும் என்று இன்று வைத்தியம் படித்த நாங்கள் சொல்கிறோம். கீரைப் பாத்தி போட்ட அவர்கள் அதைப் படிக்காமலே செய்தார்கள். மிஞ்சிய மரக்கறியை விற்ற காசு எங்கள் கொப்பியும் சப்பாத்துமானது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் அந்தத் துண்டுகள் இரவல் நிலமாகவே இருந்தன. 2018இல்தான் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. அப்போதைய மலையக வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது கணக்காக இருந்தது. ஆனாலும் ஏராளமானோர் இன்னும் லயத்திலேயே, உறுதி இல்லாத துண்டில்தான் பயிர் செய்கிறார்கள்.

தோழியரே, நூற்றாண்டுக்கு ஊர் வரும்போது லயத்தின் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். எங்கள் படிப்பு அங்கேதான் விளைந்தது. அந்த மண்ணுக்கு உறுதி கேட்கும் குரலில் எங்கள் குரலும் சேரட்டும்.