ஒரு கையெழுத்துப்படியும் அதன் வாசகர்களும்: யூதப் பெண்ணாய்வு வளர்ந்த வழி

ஹாம்பர்க் நகரின் யூத வணிகர் ஹைம் 1689இல் இறந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் மனைவி கிளிக்கெல், துயரத்தில் உறக்கம் வராத இரவுகளைக் கழிக்கவும் தங்கள் குலவரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவும் யித்திஷ் மொழியில் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு வயதில் நிச்சயமாகி, பதினான்கில் மணமுடித்து, பதினான்கு பிள்ளைகளைப் பெற்றவர் அவர். முத்து, நகை வாணிகத்தில் கணவருக்கு யோசனை சொன்னவர். கணவர் போனபின் லைப்சிக் சந்தைவரை வாணிகத்தைத் தாமே நடத்தியவர். ஏழு பகுதிகளாக வளர்ந்த அந்த நூலின் மூலப்படி இன்று இல்லை. மகன் மோசஸ் எடுத்த நகல்தான் நூலைக் காத்தது.

யூதப் பெண்களைப் பற்றிய ஆய்வு எப்படி ஒரு துறையாயிற்று என்பதைச் சங்கங்கள், இதழ்கள், பல்கலைக்கழக இருக்கைகள் ஆகியவற்றின் வரிசையாகச் சொல்லிவிடலாம். இந்த ஒரு நூலை ஒவ்வொரு தலைமுறையும் எப்படிப் படித்தது, எதை வெட்டி எறிந்தது என்று பார்ப்பது அதைவிடத் தெளிவான வழி என்பது என் கருத்து.

நூலை முதலில் அச்சேற்றியவர் யூத மதகுருக்களான ரப்பிகளுக்குப் பயிற்சி தந்த புடாபெஸ்ட் கல்லூரியின் பேராசிரியர் டேவிட் காஃப்மன். 1896இல் வந்த அப்பதிப்பு கிளிக்கெலை ‘ஹாமெல்ன் ஊர் கிளுக்கெல்’ ஆக்கியது. ஹாமெல்ன் கணவரின் ஊர். அங்கே அவர் வாழ்ந்தது திருமணத்துக்குப் பின் ஓராண்டு அளவே. காஃப்மனுக்கு இது யூதச் சமூகத்தின் வரலாற்று ஆவணம். எழுதியவர் பெண் என்பது வியப்புக்குரிய செய்தி, அவ்வளவே. 1911இல் ஜெர்மன் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட் இதே நூலைத் திருப்பிப் போட்டார்: யூதர்களின் பணப்பற்றுக்கு இதிலிருந்து சான்று எடுத்தார். கிளிக்கெல் பணத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார், உண்மை. வரதட்சணை பேசவேண்டிய பிள்ளைகள் அத்தனை பேர் இருந்த எந்த வணிகத் தாய் எழுதாமல் இருந்திருப்பார்?

இவர்களுக்கு நடுவே வந்தவர் பெர்த்தா பாப்பன்ஹைம் (1859–1936). 1904இல் ஜெர்மனியின் யூத மகளிர் கூட்டமைப்பை நிறுவியவர். மேரி வோல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் தந்த அவர், தமக்குத் தூரத்து உறவான கிளிக்கெலின் நூலை 1910இல் மொழிபெயர்த்துத் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். கிளிக்கெல்போல் உடையணிந்து ஓவியத்துக்கும் அமர்ந்தார். உழைக்கவும் முடிவெடுக்கவும் எழுதவும் தெரிந்த ஒரு மூதாட்டி அவருடைய இயக்கத்துக்குத் தேவைப்பட்டார். அது காரியம் கருதிய வாசிப்பு. ஆனால் நூலை ஒரு பெண்ணின் நூலாக எடுத்துப் படித்தது அதுதான்.

பாப்பன்ஹைமும் பின்னர் கிளிக்கெலைப் போலவே ஒரு முகத்தை மட்டும் வைத்து வாசிக்கப்பட்டார். பிராய்டும் புரோயரும் 1895இல் வெளியிட்ட மனநோய் நூலில் வரும் ‘அன்னா ஓ.’ இவரே என்று 1953இல் பிராய்டின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எர்னெஸ்ட் ஜோன்ஸ் வெளிப்படுத்தினார். அதன்பின் உலகம் அவரை நோயாளியாகவே நினைவில் வைத்தது. சுமார் 50,000 உறுப்பினர்களை எட்டிய அமைப்பின் தலைவி என்ற முகத்தை மீட்டவர்களில் முதன்மையானவர், அவ்வியக்கத்தின் வரலாற்றை 1979இல் நூலாக்கிய மரியன் கப்லான். டேனியல் போயாரின் 1997இல் யூத ஆண்மையைப் பற்றி எழுதிய நூலிலும் பாப்பன்ஹைம் நாயகியாகவே வருகிறார்.

கப்லானின் தலைமுறை தெருவிலிருந்து ஆவணக்காப்பகத்துக்கு வந்த தலைமுறை. 1972 மார்ச்சில் அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் ரப்பிகளின் மாநாட்டுக்குச் சென்ற ‘எஸ்ரத் நாஷிம்’ என்ற யூதப் பெண்கள் குழு, கூட்டு வழிபாட்டின் எண்ணிக்கையில் பெண்களைச் சேர்க்கவும், சாட்சிகளாக ஏற்கவும், ரப்பிப் பயிற்சிக்கு அனுமதிக்கவும் கேட்டது. அக்குழுவில் இருந்த பாலா ஹைமன் அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. 1976இல் ஷார்லட் பாம், சோனியா மிஷெல் ஆகியோருடன் அமெரிக்க யூதப் பெண்களின் வரலாற்றை எழுதினார். 1995இல், யூதர்கள் சுற்றுச் சமூகத்தோடு கலந்ததை ஆண்களின் அனுபவத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்று ஒரு நூலில் வாதிட்டார். கிளிக்கெல் போன்ற அரிய பெண்ணைத் தேடுவதை விட்டு, சமையலறை, கடிதம், பண்டிகை, உதவிச் சங்கம் என எல்லாப் பெண்களும் புழங்கிய இடங்களுக்கு ஆய்வு நகர்ந்தது இவர்கள் கையில்தான்.

கிளிக்கெலின் நூல் அப்போதும் முழுதாக வாசிக்கப்படவில்லை. அவர் தம் வாழ்க்கைக்கு இடையிடையே கதைகள் சொல்வார். புயலில் மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கடல்மேல் தூக்கிச் செல்லும் தந்தைப் பறவையின் கதை அவற்றுள் ஒன்று. முதுமையில் உன்னைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்த இரு குஞ்சுகளையும் பொய்யரென்று தந்தை கடலில் போட்டுவிடுகிறது. என் குஞ்சுகளுக்கு நீ செய்ததைச் செய்வேன் என்ற மூன்றாவது கரை சேர்கிறது. 1913இல் ஜெர்மனில் சுருக்கிய ஃபைல்ஹென்ஃபெல்டும், 1932இல் ஆங்கிலத்தில் தந்த லோவென்தாலும் கதைகளைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். வரலாற்றுக்கு உதவாத பாட்டிக்கதைகள் என்று எண்ணினார்கள் போலும்.

அந்தக் கதைகளையே திறவுகோலாக்கியவர் நேட்டலி சேமன் டேவிஸ். பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற அவர், 1995இல் கிளிக்கெலைக் கத்தோலிக்கத் துறவி ஒருவரோடும் புராட்டஸ்டண்ட் ஓவியர் ஒருவரோடும் சேர்த்து எழுதினார். கடவுளோடும் பிள்ளைகளோடும் வாதாட கிளிக்கெலுக்குக் கதைதான் கருவி என்று காட்டினார். பிள்ளைகளிடம் பாசத்துக்கு ஈடு எதிர்பார்க்கலாமா என்ற கேள்வியைப் பறவைக் கதை தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது கணக்குப் புத்தகம். சோம்பார்ட் படித்ததும் ஏறக்குறைய அதைத்தான்.

எனினும் இவ்வரிசையில் பெரிய பணி ஹாவா துர்னியான்ஸ்கியுடையது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யித்திஷ் அறிஞரான அவர் 2006இல் யித்திஷ் மூலத்தையும் எபிரேய மொழிபெயர்ப்பையும் எதிரெதிரே வைத்துப் பதிப்பித்தார். அதன் ஆங்கில வடிவம் 2019இல் வந்தது. கதைகளுக்கும் மேற்கோள்களுக்கும் மூலம் தேடியபோது அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் யித்திஷ் அச்சு நூல்கள். பிள்ளைகள் படிக்கவேண்டுமென்று கிளிக்கெலே பெயர் சொல்லும் ‘பிரான்ட்ஷ்பீகல்’, ‘லெவ் டோவ்’ இரண்டும் அவ்வகைதான். ஆண்களின் எபிரேயக் கல்விக்குள் அதிசயமாக நுழைந்த ஒருத்தியாக அவரைக் காண வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் பெண்கள் படித்த ஒரு முழு நூலுலகம் இருந்தது.

அந்த நூலுலகை வேறு வாசல் வழியே திறந்தவர் ஹாவா வைஸ்லர். பெண்கள் யித்திஷில் ஓதிய ‘த்ஹினெஸ்’ வேண்டுதல்களைப் பற்றிய அவருடைய நூல் 1998இல் வெளிவந்தது. அவற்றுள் புகழ்பெற்ற சிலவற்றை எழுதிய சாரா பாஸ் டோவிம் கற்பனைப் பெயர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண்ணாகவே வைஸ்லர் அவரை எடுத்துக்கொண்டு படித்தார்.