மூலத்தைத் திறந்து பார்த்துக் கற்ற தொழில்

1992இல், கலைப் பட்டம் ஒன்றோடு யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் சேர்ந்தபோது, எனக்கு முதலிற் காட்டப்பட்ட இடம் ஆசிரியபீடம் அன்று, அச்சுக்கோப்பு அறை. 1990இன் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டிருந்த மூத்த அச்சுக்கோப்பாளரிடம், இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"படிக்கிறதோ தம்பி? பக்கத்தில நிண்டு பாத்ததுதான்" என்றார்.

எழுத்தை இடம்வலமாக மாற்றி வாசிக்கவும், பத்தியின் ஓரம் நேராக நிற்பதற்காகச் சொற்களுக்கிடையே வெற்று ஈயத்துண்டுகளைச் செருகவும் நானும் பக்கத்தில் நின்றுதான் அறிந்துகொண்டேன். ஆறு ஆண்டுகள் கழித்து, கொழும்பில், இணையப் பக்கம் அமைக்கும் தொழிலையும் இதே முறையிற் கற்கப்போகிறேன் என்பதை அப்போது நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

வலையை உருவாக்கியவர்கள் அதனை அவ்வாறு கற்கத்தக்கதாகவே அமைத்திருந்தனர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ தமது முன்மொழிவை 1989 மார்ச்சில் எழுதினார். 1990 முடிவில் அவர் ஆக்கிய முதல் உலாவி, வாசிக்கும் கருவி மட்டுமன்று, எழுதும் கருவியுமாகும். 1991இன் பிற்பகுதியில் வெளியான எச்.ரி.எம்.எல். குறிச்சொற்களின் பட்டியல் ஏறத்தாழ இருபதோடு முடிந்துவிடும்: தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு. பத்திரிகைக்காரன் எவனுக்கும் இவை பழகிய பொருள்களே. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டில் இல்லினோய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமொன்றில் மார்க் அன்ட்ரீசனும் எரிக் பினாவும் ஆக்கிய மொசெய்க் உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டி உலகெங்கும் பரவியது.

அக்கால உலாவிகளில் 'மூலத்தைப் பார்' என்றொரு கட்டளை இருந்தது. அதை அழுத்தினால், கண்முன் இருக்கும் பக்கம் எந்தக் குறிச்சொற்களால் ஆனது என்பது முழுமையாகத் திறந்துகொள்ளும். தன் கறித்தூளின் சேர்மானத்தைக் கடைக்காரன் வாசற்கதவில் ஒட்டிவைப்பதற்கு ஒப்பான ஏற்பாடு. பாடநூலும் ஆசிரியரும் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு தலைமுறை இணையத்தொழிலைக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டளையால்தான் என்பது என் துணிபு.

1998இல் எங்கள் காரியாலயத்தில் தொலைபேசி வழி இணைப்புள்ள கணினி ஒன்றே ஒன்று, கணக்குப் பிரிவில் இருந்தது. இரவு பதினொரு மணிக்குப் பின் அது எனக்குக் கிடைக்கும். பிடித்த பக்கங்களின் மூலத்தைப் புளொப்பித் தட்டில் இறக்கி, பகலில் நோட்பாட்டில் திறந்து, ஒரு வரியை நீக்கினால் என்ன சரிகிறது என்று பார்ப்பேன். பல்கலைக்கழகத்திற் கல்வெட்டுப் படிகளை இவ்வளவு ஊன்றிப் படித்தவனல்லன்.

பார்த்துக் கற்பதில் ஒரு குறையுண்டு. திறமையோடு பிழையும் கைமாறுகிறது. 1995இல் நெற்ஸ்கேப் உலாவி அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியதும், கணக்குவழக்குகளுக்கென வந்த அந்த அட்டவணையைப் பக்கத்தின் எலும்புக்கூடாக எல்லோரும் பயன்படுத்தலானோம். டேவிட் சீகல் என்னும் வடிவமைப்பாளர், 1996இல் வெளியிட்ட 'கிரியேற்றிங் கில்லர் வெப் சைற்ஸ்' நூலில், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படமொன்றை நீட்டி இடைவெளி உண்டாக்கும் உபாயத்தைப் பரப்பினார். அதை முதன்முதலில் ஒரு பக்கத்தின் மூலத்திற் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அச்சுக்கோப்பாளரின் வெற்று ஈயத்துண்டு வேறெப்படி இருக்கும்? மறு ஆண்டே, வலையைக் கெடுத்தவன் நானே என்னும் பொருள்பட சீகல் ஒரு கட்டுரை எழுதினார். நாங்கள் அக்கட்டுரையை வாசிக்கவில்லை. அவரது உபாயத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மாற்று வழி அப்போதே பிறந்திருந்தது. நோர்வேயைச் சேர்ந்த ஹோகொன் வியும் லீ (பேர்னர்ஸ் லீக்கு உறவினரல்லர்) 1994 ஒக்டோபரில் சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாளை முன்மொழிந்தார். பேர்ட் பொஸ்ஸும் அவரும் சேர்ந்து செப்பனிட, 1996 டிசம்பரில் அது நியமமாயிற்று. எழுத்து எது என்பதை ஓரிடத்திலும், அது எப்படித் தோன்றவேண்டும் என்பதை வேறோரிடத்திலும் எழுதிவைக்கும் முறை அது. உலாவிகள் அதனைச் செவ்வையாக ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. 2003இல் டேவ் ஷே தொடங்கிய 'சென் கார்டன்' தளம், ஒரே எழுத்தை ஒரு வரியும் மாற்றாமல் பாணித்தாளை மட்டும் மாற்றிப் பல கோலங்களிற் காட்டியபோதுதான் எனக்கும் விளங்கியது. அதற்குள் தமிழில் நாம் செய்யவேண்டிய தவறைச் செய்து முடித்திருந்தோம்.

தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை ஒட்டி அமைந்த பாமினி எழுத்துரு, இலங்கைப் பத்திரிகைக்காரரின் கைக்குப் பழகியது. அதிற் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்பில் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி அணிவித்திருந்தோம். தோற்றத்தையும் எழுத்தையும் பிரிப்பது இருக்கட்டும். எங்களிடம் தோற்றம் மாத்திரமே இருந்தது. 1991இல் வெளியான யுனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆயினும் விண்டோஸ் குடும்பத்தில் அதனை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000. எங்கள் வாசகர் பலரிடம் அது இருக்கவில்லை. ஆகவே பாமினியை இறக்கி நிறுவும்படி முகப்பில் அறிவித்தல் போட்டுவிட்டு, நாள்தோறும் செய்திகளையும் மரண அறிவித்தல்களையும் ஏற்றினோம்.

2006இல் அந்தத் தளம் புதிதாக அமைக்கப்பட்டபோது பழைய பக்கங்கள் யாவும் அழிக்கப்பட்டன. காகிதக் கட்டுகளும் அதற்கு முன்பே ஓர் இடமாற்றத்தின்போது கழிவுத்தாளாகப் போயிருந்தன. யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னிடம் எஞ்சியது, நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஓர் இறுவட்டு.

2012இல் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். 1999இல் கொழும்பிற் காலமான தகப்பனாரின் மரண அறிவித்தல் வேண்டுமென்றார். செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. தாயார் அனுப்பிய பத்திரிகைத் துண்டும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. "ஐயா, அதில என்ர பேரும் இருந்ததெண்டு அம்மா சொன்னவ" என்றார்.

இறுவட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள். பெயரை யுனிக்கோட்டில் அடித்துத் தேடினால் எதுவும் அகப்படாது. பாமினியில் எந்த விசைகளை அழுத்தியிருப்போம் என்று எண்ணி, ஆங்கில எழுத்துகளாகவே அடித்துத் தேடியதில் கோப்புக் கிடைத்தது. அடுத்தது அதனைத் தமிழாக்குவது. பாமினியை யுனிக்கோட்டுக்கு மாற்றும் பக்கமொன்று இணையத்தில் இருந்தது. அதன் மூலத்தைத் திறந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் நூற்றுக்கணக்கான மாற்றீட்டு வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஏன் அந்த வரிசை என்பது சற்றுநேரம் கழித்தே புலப்பட்டது. பாமினியிற் 'கொ' என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகள். கொம்பு முன்னால் வரும். யுனிக்கோட்டிலோ ககரத்தின் பின் ஒரே குறி. நீண்ட கூட்டுகளை முதலில் மாற்றாமல் தனி எழுத்துகளில் தொடங்கினால் யாவும் சிதறிவிடும்.

இன்று பெருந்தளங்களின் மூலத்தைத் திறந்தால், மூச்சுவிடாத ஒரே வரியாகச் சுருக்கப்பட்ட நிரல் கொட்டுகிறது. கற்பதற்கான கருவிகள் பெருகியிருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். 2006இல் வந்த ஃபயர்பக் தொடங்கிவைத்த ஆய்வுக் கருவிகள் இப்போது உலாவிகளுடனேயே வருகின்றன. 2005இல் தொடங்கிய மொஸில்லாவின் ஆவணங்கள் நான் கண்ட எந்தப் பாடநூலையும் விடச் சிறந்தவை. எனினும், அயலவர் ஒருவர் எழுதியதைத் திறந்து, வரிவரியாக வாசித்து அன்றிரவு நான் அறிந்ததை எந்த ஆவணத்திலும் தேடியிருக்க மாட்டேன். எதைத் தேடுவதென்றே தெரிந்திருக்கவில்லையே.

மாற்றி முடித்தபோது பெயர்கள் யாவும் சரியாக வந்தன. மகளின் பெயரும் இருந்தது. முகவரியில் மட்டும் ஒரு பிழை. கொம்பையும் ளகரத்தையும் ஔகாரக் குறியாகக் கருதி, 'வௌ்ளவத்தை' என்று ஆக்கியிருந்தது நிரல். ளகரத்தையடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ நின்றால் அதனைத் தனி எழுத்தாகவே விடும்படி ஒரு வரி சேர்த்து, மீண்டும் ஓட்டினேன். வெள்ளவத்தை என்று வந்தது. அன்றிரவே ரொறன்ரோவுக்கு அனுப்பிவைத்தேன்.