சிறப்பு மருத்துவர்கள் பெருகியபின் மகப்பேறு சிகிச்சையில் ஏற்பட்ட மாற்றங்கள்

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, சில மணி நேரத்திற்குள் தாயின் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே, மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர் ஆகிய மூவரும், இரத்த வசதியும் இரவு பகலாகக் கிடைப்பது அவசியம்.

எவ்வாறு பயிற்சி அளிக்கப்படுகிறது?

மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற 3 ஆண்டுகள் ஆகும். மருத்துவர் பற்றாக்குறையைக் குறைக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்க மருத்துவத்தில் 18 வாரப் பயிற்சியும், அறுவைப் பிரசவம் உள்ளிட்ட அவசர மகப்பேறு சிகிச்சையில் 16 வாரப் பயிற்சியும் தேசிய அளவில் வகுக்கப்பட்டன.

என்ன மாறியுள்ளது?

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் 'சீமாங்' மையங்கள் அமைக்கப்பட்டு, 24 மணி நேர அவசரச் சிகிச்சை வழங்கப்படுகிறது. அங்கு ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவம், 108 ஊர்தி, இரத்த வங்கிகள் ஆகியவையும் இதற்குக் காரணங்களாகும்.

மூலக்குளம் பகுதியினர் எங்கு செல்லலாம்?

எல்லைப்பிள்ளைச்சாவடியில் இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. ஜிப்மர் போன்ற கற்பிக்கும் மருத்துவமனைகளில், முதுநிலைப் பயிற்சி மருத்துவர் முதலில் பரிசோதிக்கலாம். அவர் மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் பணிபுரிகிறார். பரிசோதனைக்கான காரணத்தைக் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டணம் உண்டா?

2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் இயல்பான பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவை இலவசம். கர்ப்பத்தின் 4ஆம் மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடைபெறும் இலவசப் பரிசோதனையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

• இரத்தப்போக்கு
• கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு
• குழந்தையின் அசைவு குறைதல்
• பனிக்குடம் உடைதல்
• காய்ச்சல், மூச்சுத்திணறல்

இவற்றில் ஒன்று தோன்றினாலும், வலி வரும்வரை காத்திராமல் 108ஐ அழைக்கவும். தாய்-சேய் நல அட்டையையும் பரிசோதனை முடிவுகளையும் உடன் எடுத்துச் செல்லவும். பிரசவத்திற்குப் பின் 6 வாரங்கள் வரையிலும் இந்த எச்சரிக்கை தேவை.